செம்புப் போசியில் காய்ச்சிய பால்

அந்தப் பாலைக் கெடுத்தது நீங்கள். என் தங்கை இல்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் எல்லோரும் பெயரைப் பற்றிப் பேசுவார்கள், நடந்ததை விட்டுவிடுவார்கள். நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூரைச் சுற்றியுள்ள ஏதாவது ஊரில், கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ, மைக் பிடித்து உடம்பைப் பற்றிப் பேசுகிறவர். எல்லோருக்கும் 'ஐயா'. கொள்ளு, கம்பங்கூழ், நெல்லிக்காய் என்று நீங்கள் பேசியதில் பெரும்பகுதி நல்ல விஷயம்தான். அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் ஜனங்கள் உங்களை நம்பினார்கள். செம்பைப் பற்றியும் அதே மைக்கில்தான் பேசினீர்கள்.

நான் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோகிற பம்ப் மோட்டார்கள் என் பட்டறைக்கு வரும். பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். செம்பு வாடை என் விரல் நுனியை விட்டுப் போகாது. சோறு பிசையும்போதும் இருக்கும். அதற்காகச் செம்பைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கம்பியின் கனம் தெரியும், விலை தெரியும். வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரியே எனக்கும் தெரியாது.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். தங்கையைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கு வீடு எவர்சில்வர் வந்துவிட்டது. ஆனாலும் சீர் வரிசையில் ஒரு செம்புப் பாத்திரமாவது இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். பெரிய கடை வீதியில் கனமான செம்புப் போசி ஒன்று வாங்கினேன். வாய் அகன்ற பாத்திரத்தை எங்கள் பக்கம் போசி என்போம். வாங்கிய கையோடு கோட்டைமேட்டுக்குக் கொண்டுபோய், ஈயம் பூசுகிற பாயிடம் கொடுத்தேன்.

செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசாமல் எங்கள் பக்கத்தில் யாரும் சமைக்க மாட்டார்கள். புளி, மோர், எலுமிச்சை எது பட்டாலும் செம்பில் களிம்பு ஏறும், தின்றவனுக்கு வாந்தி வரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசாத செம்பு தண்ணீர் வைக்க மட்டும்.

பாய் போசியைக் கரி நெருப்பில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருக விட்டுப் பஞ்சால் துடைத்தார். உள்பக்கம் வெள்ளியாக மாறிக்கொண்டே வந்தது.

"தங்கச்சி சீருங்களா?" என்றார்.

"ஆமாங்க பாய்."

"அப்பக் கொஞ்சம் கெட்டியாவே பூசிப்போடறனுங்க. மாமியாக்காரம்மா உள்ளார எட்டிப் பாத்தா மூஞ்சி தெரியோணும்."

"அந்த மூஞ்சி தெரிஞ்சா போசி கறுத்துப்போயிருமுங்க பாய்."

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை பூசினார். அந்தப் போசியைப் பற்றி நாங்கள் சிரித்தது அத்தோடு முடிந்தது.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து நாள்கணக்கில் கிடந்தாள். எழுந்தபோது பால் வற்றிவிட்டது. வீட்டிலேயே பசு இருந்தது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சிப் புட்டியில் கொடுத்தார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. நான் போகும்போதெல்லாம் என் மீசையைப் பிடித்து இழுக்கும். நல்ல பிடி.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் கிணத்துக்கடவுக்கு வந்தீர்கள்.

குழந்தையைப் பார்க்கப் போயிருந்த நானும் அவர்களோடு மண்டபத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். ரத்தம் ஊற இரும்பு வேண்டும், அந்த இரும்பு ரத்தமாக வேண்டுமென்றால் செம்பு வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். செம்பில் புழங்கிய காலத்தில் சோகை இல்லை, இளநரை இல்லை, மூட்டுவலி இல்லை என்றீர்கள். எவர்சில்வர் வந்து எல்லாம் போயிற்று என்றீர்கள். பிறகு ஈயத்துக்கு வந்தீர்கள்.

"செம்புப் பாத்திரத்தை வாங்குகிறோம். உள்ளே ஈயத்தைப் பூசிவிடுகிறோம். சத்து எப்படி இறங்கும்? கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது நம் கதை. அந்த ஈயத்தை எடுத்துவிடுங்கள்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பேச்சு முடிந்து, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றீர்கள். என் தங்கை எழுந்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், சபையில் அதுவரை வாய் திறந்ததில்லை. குழந்தை தோளில் இருந்தது.

"ஏனுங்க ஐயா, கைக்கொழந்தைக்குங்க? புட்டிப் பால் குடிக்கிற கொழந்தைக்கு என்ன பண்றதுங்க?"

நீங்கள் சொன்னது எனக்கு இன்றைக்கும் வரி தவறாமல் இருக்கிறது.

"நல்ல கேள்வி கேட்டீங்க அம்மணி. குழந்தைக்குத்தான் முதல்ல வேணும். ரத்தம் ஊறுகிற வயசு. பாலையே செம்புல காய்ச்சுங்க, செம்புலயே வெச்சிருந்து குடுங்க. தனியா டானிக் எதுக்கு? இந்தக் கேள்வியக் கேட்ட தாய்க்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். தங்கையின் மாமியார் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார்.

வீட்டுக்குப் போனதும் அட்டாலிப் பரணில் கிடந்த சீர்ப் போசியை இறக்கினார்கள். இறக்கியது மாப்பிள்ளை. புளியைக் கரைத்துச் செங்கல் பொடியும் எடுத்துக் கொடுத்தது மாமியார். தேய்த்துப் பார்த்தார்கள், ஈயம் அசையவில்லை. மாப்பிள்ளை உப்புத்தாள் எடுத்துவந்து வாசலில் குந்தி உட்கார்ந்து சுரண்டினார்.

"ஏனுங்க மச்சான், உங்க பாய் ஈயம் பூசுனாருங்களா, வெல்டிங் வெச்சாருங்களா? என்ற கையே போச்சு."

"கெட்டியாப் பூசச் சொன்னது நானுங்க மாப்ளை."

"நல்லாச் சொன்னீங்க போங்க."

மாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம், "எங்க மருமவ கேட்ட கேள்விக்கு மண்டபமே கை தட்டுச்சு தெரியுமா? நீயும் உன்ற போசிய எடுத்துச் சுரண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அந்தத் தெருவில் நாலைந்து வாசலில் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

என் தங்கை கவனமில்லாதவள் என்று பிற்பாடு பேசினார்கள். எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போசியில் ஒரு சொட்டு மோர் விட்டதில்லை அவள். தேய்க்கிற புளியைத் தவிர வேறு புளிப்பு அதில் பட்டதில்லை. தினமும் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பாள். விடிகாலைப் பாலைக் காய்ச்சினால் சாயங்காலம் வரைக்கும் அதிலேயேதான் இருக்கும். அப்படித்தானே நீங்கள் சொன்னது. பால் புளிப்பு இல்லை, அதனால் களிம்பு ஏறாது என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன். மாமியாரும் நினைத்தார். எங்கள் பக்கம் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். புளிப்புக்குப் பயப்படத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பாலுக்குப் பயப்பட யாரும் சொல்லித் தரவில்லை.

மாதங்கள் போயின. குழந்தை நச்சரிக்க ஆரம்பித்தது. இறக்கி விட்டாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன, வயிறு மட்டும் முன்னால் வந்தது. மாந்தம் என்றார்கள். மாந்தத்துக்கு மருந்து உரைத்து ஊற்றினார்கள். பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் ஈரல் டானிக் எழுதினார். மெலிகிறதே என்று கவலைப்பட்டுப் பாலைக் கூட்டினார்கள். அதே போசியில் காய்ச்சிய பால்.

என் மீசையைப் பிடிக்கக் குழந்தை கையை நீட்டும், பிடி நிற்காது. நானே தங்கையையும் குழந்தையையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தேன் என்று பிறகு சொன்னீர்கள், அது வேறு.

நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தீர்கள். குழந்தையின் வயிற்றைத் தொடவில்லை.

"ஐயா சொன்ன மாதிரியே செம்புலதானுங்க காச்சறேன். வயிறு இப்படி இருக்குதுங்களே" என்றாள் தங்கை.

"சத்தை ஏத்துக்க உடம்பு பழகுது, அவ்வளவுதான். பயந்து நிறுத்திடாதீங்க. காலையில வெறும் வயித்துல ஒரு சங்கு செம்புத் தண்ணியும் சேத்துக் குடுங்க."

தங்கை கும்பிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகம் தெளிந்திருந்தது.

கண்ணில் மஞ்சள் தெரிந்தபோது யாரையும் கேட்காமல் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நான், தங்கை, மாப்பிள்ளை, மாமியார். பரிசோதித்தது சின்ன வயது லேடி டாக்டர். வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு தாய்ப்பாலா என்று கேட்டார். பசும்பால் என்றோம்.

"எதுல காய்ச்சறீங்க?"

நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவில்லை.

"செம்புப் போசியிலங்க" என்றாள் தங்கை.

"ஈயம் பூசினதா?"

உப்புத்தாள் பிடித்துச் சுரண்டியவரும் புளி கரைத்துக் கொடுத்தவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். இரண்டு பேரும் திரும்பி என் தங்கையைப் பார்த்தார்கள்.

ஊசி போட்டு ஈரலில் துளி எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் எழுதுகிறேன். செம்பு உடம்புக்கு வேண்டும்தான். நீங்கள் சொன்ன அந்தப் பாதி உண்மை. ஆனால் வேண்டியது துளியிலும் துளி. அது ராகியில், பருப்பில், கடலையில், நாம் தின்கிற சோற்றிலேயே வந்துவிடுகிறது. மிஞ்சினால் பெரியவர்களின் ஈரல் வெளியே தள்ளிவிடும். கைக்குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது. அது தேக்கிவைத்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அது ஈரலையே இறுக்கிக் கல்லாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதோடு, பால் புளிப்பில்லாவிட்டாலும் செம்பை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். தண்ணீரில் இறங்குவதும் பாலில் இறங்குவதும் ஒன்றில்லையாம்.

"கொழந்தை பொழைக்குமுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"செம்பை வெளியே எடுக்க மருந்து இருக்கு. ஆரம்பிக்கிறோம். வாக்குக் குடுக்க முடியாது."

வராந்தாவுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தார். "எங்க ஊட்டுல எவர்சில்வர்லதான காச்சிட்டு இருந்தோம். இவ பொறந்த ஊட்டுப் போசி வந்துதான இப்பிடி ஆச்சு."

"ஏனுங்க அத்தை, புளி கரைச்சுக் குடுத்தது நீங்கதானுங்களே?" என்றேன்.

"நா என்னத்தக் கண்டேன் தம்பி, கைநாட்டு. கேள்வி கேட்டது அவ. கைதட்டு வாங்குனது அவ. அவளுக்குத்தான எல்லாந் தெரியும்?"

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை புட்டியைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனாள். கழுவிய புட்டியைத்தான் கையில் வைத்திருந்தாள்.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்தேன். சண்டை போட வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கத்தான் வந்தேன். நீங்கள் ஒரு தரம் வந்து அந்தக் குடும்பத்தின் முன்னால், நான் சொல்லித்தான் இந்தப் பெண் செய்தாள் என்று சொன்னால் போதும் என்றேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"நான் தண்ணீர் என்றுதானே சொல்வேன்? பால் என்று சொல்லியிருக்க மாட்டேனே."

"சொன்னீங்க. நானும் அங்கதான் இருந்தேன். என்ற தங்கச்சி எந்திரிச்சுக் கேட்டா. கை தட்டச் சொன்னீங்க."

"எத்தனையோ ஊர், எத்தனையோ பேர் கேட்கிறார்கள். உங்க தங்கை தவறாகப் புரிஞ்சுக்கிட்டிருக்கும். படிக்காத பெண்கள் சிலசமயம் அப்படித்தான்."

"இந்த ஊட்டுக்கே வந்தோமுங்களே, கொழந்தையத் தூக்கிட்டு."

"நினைவில்லையேப்பா."

உங்கள் வீட்டம்மா காபி கொண்டுவந்தார்கள். எவர்சில்வர் டம்ளர், எவர்சில்வர் டபரா. அலமாரியில் அடுக்கியிருந்ததும் எவர்சில்வர்தான். நான் காபியைக் குடிக்கவில்லை. குடித்திருக்கலாம், அந்த அம்மா மேல் எனக்கென்ன கோபம்.

சாட்சிக்கு ஆள் தேடினேன். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த பெண்களிடம், தங்கையின் தெருவிலேயே கேட்டேன். ஒருத்தி, "கேட்ட மாதிரி ஞாபகம் இருக்குதுங்க. ஆனா அவரு பெரிய மனுசன், நம்ம வாயில எதுக்குங்க" என்றாள். இன்னொருத்தி, "எங்க ஊட்டுலயுந்தான் சுரண்டுனோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே. உங்க தங்கச்சி போசியத் தேக்காமப் போட்டிருப்பாளாக்கும்" என்றாள். அவள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. தண்ணீர் மட்டும் வைத்துக் குடித்தார்கள். சொன்னேன். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. நான் சொல்வதும் எடுபடவில்லை. அண்ணன்காரன் தங்கச்சிக்குத்தானே பேசுவான்.

குழந்தை பிழைத்தது. சீக்கிரமாக இல்லை. காப்ஸ்யூலைப் பிரித்து, மருந்தைக் கரைத்து, வெறும் வயிற்றில் புகட்ட வேண்டும். துப்பும். மறுபடி புகட்ட வேண்டும். வருடக்கணக்கில் என் தங்கை அதைச் செய்தாள். தேங்காய் வண்டிக்கு நாள் பார்ப்பது போல ஆஸ்பத்திரிக்கு நாள் பார்த்துப் போய்வந்தாள். வயிறு மெல்ல உள்ளே போனது. ஒருநாள் பட்டறைக்கு வந்திருந்தபோது அந்தப் பெண் மறுபடி என் மீசையைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

இவ்வளவு ஆன பிறகும் என் தங்கையின் மேலிருந்து அது இறங்கவில்லை. கொடுமுடிக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் முழுக்காட்டி, அவளுக்குத் தோஷம் கழித்தார்கள். குழந்தைக்கு இல்லை. அவளுக்கு. ஈரத் துணியோடு படித்துறையில் நின்றவளிடம் பூசாரி என்ன தோஷம் என்று கேட்க, மாமியார் "பெத்த கொழந்தைக்குப் பாலுல வெச்ச தோஷமுங்க" என்றாராம். தங்கை இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்து சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரும் அலுத்துப்போயிருந்தார். ஆனாலும் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு அவர்கள் தோப்பில் புது வீடு கட்டினார்கள். புண்ணியார்ச்சனைக்குத் தாய்மாமன் சீரோடு நானும் போனேன். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டியவள் மூத்த மருமகள். அதாவது என் தங்கை. புதுப் புடவை கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தாள். மாமியார் சத்தம் போடவில்லை, அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அம்மணி, நீ போயி அந்த மாட்டக் கொஞ்சம் மாத்திக் கட்டு போ. பாலைச் சின்னவ காச்சட்டும்."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மாட்டை மாற்றிக் கட்டப் போனாள். உள்ளே பால் பொங்கியபோது குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தை அவள் மாட்டுக் கட்டுத்தரையில் நின்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அவள் கையில் கொடுப்பதில்லை. "நீ இரு கண்ணு, உனக்கெதுக்குச் சிரமம்" என்பார்கள். எங்கள் பக்கத்து மரியாதை இதுதான். வெட்டினாலும் ஒரு 'கண்ணு' போட்டுத்தான் வெட்டுவார்கள்.

இத்தனையும் எனக்குப் பழகிவிட்டது. அவளுக்கும் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். போன தை மாதம் நீங்கள் மறுபடி அதே மண்டபத்துக்கு வராமல் இருந்திருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். எழுதிப் பழக்கமில்லாத ஆள்.

ஊரே போனது. அவர்கள் குடும்பத்தோடு போனார்கள். தங்கை வரமாட்டேன் என்றாள், மாமியார்தான் "வந்து கேளு, நல்லதுதான சொல்றாரு" என்று கூட்டிப்போனார். தங்கையின் மகளுக்கு என்னோடு உட்கார ஆசை. பள்ளிக்கூடம் போகிறாள் இப்போது, பேச்சு அதிகம். அவளுக்காக நானும் போனேன்.

உங்கள் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பேச்சு அதே பேச்சு. ரத்தம், இரும்பு, செம்பு. நானும் காதை மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். அப்போது சொன்னீர்கள்.

"ஆனால் ஒன்று. தண்ணீர் மட்டும்தான். பாலோ மோரோ செம்பில் வைக்கவே கூடாது. கைக்குழந்தைக்குச் செம்பே வேண்டாம். இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்காமல், தன் இஷ்டத்துக்குச் செய்து குழந்தையைக் கெடுத்த தாய்மாரும் உண்டு. பாவம், என்ன செய்வது."

யாரிடமிருந்தோ கற்றுக்கொண்டுவிட்டீர்கள். நல்லது. இனி ஒரு குழந்தையாவது தப்பிக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. 'ஆரம்பத்திலிருந்தே' என்றீர்களே, அங்கேதான்.

முன் வரிசையில் தலைகள் தங்கையின் பக்கம் திரும்பின. மாமியார் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமில்லை என்பதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவளிடம், "நாஞ் சொன்னேனல்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் எழுந்தேன். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ஓடிவந்து, "ஏனுங்க, கேள்விக்கு இன்னைக்கு நேரமில்லீங்க, ஐயாவுக்கு அசதி" என்றார். மைக்கை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தங்கை எழுந்துவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கண்ணா. வேண்டாம்."

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றோம். தங்கையின் மகள் ஐஸ் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தாள். வாங்கிக் கொடுத்தேன். தங்கை வெகுநேரம் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நாங் கேட்டனா இல்லியாண்ணா? பாலுன்னு அவரு சொன்னாரா இல்லியா? இத்தனை பேரு சொல்றதப் பாத்தா எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது. நானாத்தான் பண்ணிப்போட்டனா?"

கேட்டாய் அம்மணி, அவர் சொன்னார், நான் என் காதால் கேட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. என்னை அவள் எப்படி நம்புவாள்? நான் அண்ணன். நான் அவளுக்காகத்தான் பேசுவேன் என்று அவளும் நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

உங்களுக்கு வயதாகிவிட்டது. எனக்கும் சண்டைக்குத் தெம்பில்லை. கோர்ட்டுக்கு வரமாட்டேன், உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்த மாட்டேன். மன்னிப்பும் கேட்க வேண்டாம், அதை வைத்து நாங்கள் என்ன செய்ய. அந்தப் போசி இப்போது என் பட்டறையில் இருக்கிறது. உப்புத்தாள் கீறிய கோடு உள்ளே இன்னும் இருக்கிறது. வெட்டுக் கம்பித் துண்டுகள் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது ஒரு வாய், ஒரு மைக். தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொல்வது எடுபடாது, எழுதி அனுப்புவதும் எடுபடாது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும்தான் அவளுக்குப் பதில் சொன்னீர்கள். கிணத்துக்கடவில் அதே மண்டபத்தில், அவளுடைய மாமியாரும் மாப்பிள்ளையும் அந்தத் தெருக்காரர்களும் உட்கார்ந்திருக்க, அதே மேடையில் நின்று இதற்கும் பதில் சொல்லுங்கள். தோளில் குழந்தையோடு எழுந்து நின்ற பெண் கேட்டது என்ன? பாலைச் செம்பில் காய்ச்சச் சொன்னது யார்?